பலகைக்கு அந்தப் பக்கத்து 'ம்'

மூச்சுமுடுக்கின் நட்டநடுவில், கொட்டுகிற மழையில், அவள் மூக்கும் அவன் மூக்கும் இடித்துக்கொண்டன.

அந்த இடத்தில் அது நடக்கவே கூடாத காரியம்.

பல்கலைக்கழகத்து மதிலுக்கும் ஆற்றுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொண்ட பேட்டை அது. மதிலுக்கு உள்ளே புல்வெளியும் மரமுமாக அப்படி ஒரு விசாலம்… ஒரு பேராசிரியர் தும்மினால் அடுத்த பேராசிரியருக்குத் தபாலில்தான் தெரியும். மதிலுக்கு வெளியே எள் போட்டால் எள் விழாது. ஒருமுறை தப்பித்தவறி ஓர் எள் விழுந்தது, அதற்குள்ளும் யாரோ தடுப்பு அடித்து இரண்டு மாணவர்களை வாடகைக்கு வைத்துவிட்டார்கள். படிக்கிறவர்கள், படித்துக்கொண்டே இருக்கிறவர்கள், அவர்களுக்குச் சமைக்கிறவர்கள், துவைக்கிறவர்கள், நகல் எடுத்துக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் அங்கேதான். ஒரு வீட்டில் வெங்காயம் அரிந்தால் ஏழு வீட்டில் கண்ணீர் வரும். ஒருவர் கனவில் ஓடினால் பக்கத்து வீட்டுக்காரருக்கு மூச்சு வாங்கும்.

அந்தப் பேட்டையின் தொண்டைக்குழிதான் மூச்சுமுடுக்கு. ஓர் ஆள் அகலமே உள்ள சந்து, வளாகத்துப் பின்வாசலுக்குக் குறுக்குவழி. எதிரெதிரே இரண்டு பேர் வந்துவிட்டால், "முதுகு!" என்று ஒருவர் குரல் கொடுக்க வேண்டும். உடனே இருவரும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பி, மூச்சை உள்ளே இழுத்து, முதுகோடு முதுகு உரசிக் கடந்து போக வேண்டும். துணைவேந்தரானாலும் துணி துவைப்பவரானாலும் அதே சட்டம். முகத்துக்கு முகம் கடக்கிற உரிமை புருஷன் பெண்டாட்டிக்கும், தாய்க்கும் இடுப்புப் பிள்ளைக்கும் மட்டும்தான்.

அன்று அவள் தலையில் பட்டமளிப்பு விழாவுக்கான கறுப்பு அங்கிகள் பெரிய மூட்டையாக இருந்தன. அங்கி தைப்பது அவள் தொழில். பேட்டையில் அவள் பெயரே 'தையல்'தான். தையல் என்றால் பெண் என்றும் ஒரு பொருள் உண்டென்று தமிழ்த்துறைக்காரர் ஒருவர் டீக்கடையில் விளக்கிவிட்டுப் போனதிலிருந்து, பையன்கள் அந்தப் பெயரைக் கொஞ்சம் இழுத்தே கூப்பிடுகிறார்கள். அவளும் ஊசியைக் கொஞ்சம் உயர்த்தியே காட்டுகிறாள்.

"முதுகு!" என்று கத்தினாள். "முதுகு, முதுகு!"

எதிரே வந்தவன் தலையில் ஒரு தகரத் தொட்டி. அவன் பதறிப்போய், "முதுகிலயா? என்ன ஊருது?" என்று தன் முதுகை எட்டிப் பார்த்தான்…

தொட்டி சாய்ந்தது. ஈர மண் சரிந்தது. மூட்டையின் வாய் வழியாக அத்தனையும் அங்கிகளுக்குள் போனது. தடுக்கப் பாய்ந்ததில்தான் மூக்கும் மூக்கும்.

"முதுகைக் காட்டச் சொன்னா, பார்க்குறீங்க! எந்த ஊர் ஆளு நீங்க?"

"மன்னிச்சிருங்க… இந்த வழியா இன்னிக்குத்தான் வரேன், தெரியாது…"

"ஐயோ! என்னவோ நெளியுது!"

"பார்த்து, பார்த்து! அது என் ஆராய்ச்சி!"

"உங்க ஆராய்ச்சி டீனோட அங்கிக் கைக்குள்ள போய்க்கிட்டு இருக்கு!"

"பயப்படாதீங்க. நல்ல புழு. கடிக்காது."

"டீன் கடிப்பாரே! விழாவன்னிக்கு மேடையில அவர் கையைத் தூக்கி ஆசீர்வாதம் பண்றப்போ மண்புழு கீழ விழுந்தா, யார் தலையில விழும்? என் தலையிலதான் விழும்! மண்ணு சுமக்குறவரு மண்ணாட்டம் நிக்காம ஓரமா நின்னா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் முதல் வார்த்தை கத்தியபோது பயந்தவன், மூன்றாவது வாக்கியத்தில் எதையோ கண்டுபிடித்தவன் போல நின்றுவிட்டான். மழை அவன் இமைகளில் சொட்டுச் சொட்டாகத் தொங்கியது… ஒவ்வொரு சொட்டும் விழ மனமில்லாமல் கொஞ்ச நேரம் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டுத்தான் விழுந்தது. அவ்வளவு பெரிய கண்கள். அவ்வளவு ஈரம். அதற்குள் இத்தனை திட்டு வாங்கியும் ஒரு சிரிப்பு.

"சிரிக்க வேற செய்றீங்களா?"

"இல்ல… திட்டுங்க. நல்லாயிருக்கு."

பைத்தியம்தான் என்று முடிவு கட்டிக்கொண்டு, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி, மூச்சை இழுத்துக் கடந்து போனாள். உரசிய முதுகு வீடு வரைக்கும் சுட்டது. மழையில் எப்படிச் சுடும்? சுட்டது, அவ்வளவுதான்.

*

அவள் வீட்டில் இரண்டே பேர், அவளும் அப்பாவும். வளாகத்து மணிக்கூண்டில் மணி அடித்தே காலம் கழித்தவர் அப்பா. அந்த மணிக்கு நேர் கீழே நின்று அடித்து அடித்து, ஊருக்கே நேரத்தைக் கொடுத்துவிட்டுத் தன் காதை அதற்குப் பதிலாகக் கொடுத்தவர். ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். "எனக்கு நல்லாத்தான் கேக்குது. ஊர்தான் இப்பல்லாம் முணுமுணுக்குது" என்பார். காது மிஷின் என்ற பேச்சை எடுத்தாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார்.

வேலை விட்டு வந்ததிலிருந்து அவருக்கு ஒரே ஆசனம்… உள்ளறையில், பலகைச் சுவரோரம் ஒரு நாற்காலி. அந்தப் பக்கத்துச் சுவர் செங்கல் இல்லை, வெறும் பலகை. அதற்குப் பின்னால் தீப்பெட்டி அக்காவின் வீடு. தன் வீட்டைத் தடுத்துத் தடுத்து, தீப்பெட்டி அடுக்கியது போல அறைகள் ஆக்கி வாடகைக்கு விடுவதால் அந்தப் பெயர். இரண்டு வீடும் முதுகோடு முதுகு ஒட்டியவை. வாசலுக்கு வாசல் போக வேண்டுமானால் பேட்டையைச் சுற்றி ஒரு யாத்திரையே போக வேண்டும். பலகையை ஒட்டிய அறையில் உடைந்த கட்டில்கள் கிடப்பதாகத்தான் தையலுக்கு நினைப்பு.

தினமும் அவள் சமையலறையில் நின்றுகொண்டு குரல் கொடுப்பாள். "அப்பா… சாப்பிட்டியா?" முன்பெல்லாம் பதிலே வராது. மறுபடி கேட்பாள், மறுபடி கேட்பாள், கடைசியில் குரல் உடைந்து தானாகவே நின்றுவிடும். ஆனால் வளாகத்தில் இந்தப் படிப்புப் பருவம் தொடங்கியதிலிருந்து அதிசயம்… கேட்ட உடனே உள்ளறையிலிருந்து வந்தது.

"ம்."

தையலுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காதுக்குள் விட்ட சொட்டு மருந்துதான் வேலை செய்கிறது என்று பேட்டை முழுக்கச் சொன்னாள். மருந்துக்கடைக்காரருக்குக் கைகுலுக்கினாள். மிஷின் பேச்சை அடியோடு விட்டாள். அன்றிலிருந்து அப்பாவிடம் சொல்லாத கதை கிடையாது. யார் அங்கியில் எங்கே தையல் விட்டது, எந்தத் துறைத்தலைவருக்குத் தொப்பை கூடி அளவு மாறியது, அம்மாவின் குரல் எப்போதாவது மறந்துபோய்விடுமோ என்று வருகிற பயம்… எல்லாவற்றையும் பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வாள். எல்லாவற்றுக்கும் பொருத்தமான இடத்தில் "ம்" வரும். சோகமான இடத்தில் தாழ்ந்த "ம்". வேடிக்கையான இடத்தில் குலுங்குகிற "ம்ம்".

குரலில் வித்தியாசம் தெரியாதா என்று கேட்காதீர்கள். மற்ற வார்த்தைகளில் ஆண்பிள்ளைகளை அடையாளம் கண்டுபிடிக்கலாம். "ம்"மில் முடியாது. உலகத்து ஆண்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரே அச்சில் வார்த்த சத்தம் அது.

அன்று மழையில் நனைந்து வந்தவள், அங்கிகளை உதறிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அப்பா, இன்னிக்கு ஒரு லூசைப் பார்த்தேன்."

"ம்?"

"தொட்டி நிறைய மண்புழுவைத் தூக்கிக்கிட்டு வருது. டீன் அங்கி பூரா சேறு. நான் கத்துறேன், அது பாட்டுக்குச் சிரிக்குது! கண்ணைப் பாரு கண்ணை… கன்னுக்குட்டிக் கண்ணை வெச்சுக்கிட்டுத் திருட்டு முழி!"

இதுவரை கேட்டிராத ஒரு மாதிரி… விக்கலும் சிரிப்பும் வெட்கமும் சேர்ந்த ஒரு "ம்".

"என்னப்பா, தொண்டை கட்டிக்கிச்சா?"

"ம்ஹும்."

*

அந்த வாரத்திலேயே ஒரு சாயங்காலம், மழை விட்டு வானம் செம்பருத்தி நிறத்துக்கு வந்த நேரம், அடுப்பை அணைத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டாள்.

"அப்பா, சாப்பிட்டியா?"

"ம்."

"என்னத்த சாப்பிட்ட? நான் இன்னும் போடவே இல்லயே!"

அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். அப்பா மடக்கிய குடையோடு உள்ளே வந்துகொண்டிருந்தார்.

"அத்தை வீட்டுல உக்கார வெச்சுட்டாங்கம்மா. பசிக்குது, போடு."

தையல் திரும்பி உள்ளறையைப் பார்த்தாள். நாற்காலி காலியாக இருந்தது. பலகை மட்டும் ஒன்றும் தெரியாத பிள்ளை போல நின்றது.

கரண்டியும் கையுமாக மெல்ல நடந்துபோய்ப் பலகையில் காதை வைத்தாள். அந்தப் பக்கம் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது கேட்டது.

"யாரது?"

"…"

"பேசுறீங்களா, பலகையைப் பிளக்கட்டுமா?"

"நான்தான்… மண்ணு."

"கன்னுக்குட்டி…" என்று தொடங்கிய நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எப்பலேர்ந்து?"

"பருவம் ஆரம்பிச்சதிலேர்ந்து. ஆராய்ச்சியோட கடைசிப் பருவம், விடுதியில இடம் முடிஞ்சுது, கட்டிலையெல்லாம் அள்ளிட்டு அக்கா எனக்குக் குடுத்தாங்க. வந்த புதுசுல நீங்க கேட்டீங்க… ஒரு தடவை, ரெண்டு தடவை… அப்பா பதில் சொல்லல. உங்க குரல் கமறிப்போச்சு. எனக்குத் தாங்கல. வாய் தானா 'ம்'முன்னுடுச்சு."

"அதோட நிறுத்தியிருக்கலாமில்ல?"

"மறுநாளும் கேட்டீங்களே." கொஞ்சம் தயங்கி, "இந்தப் பேட்டையில இவ்வளவு ஜனம். தினம் எத்தனை பேர் மேல இடிச்சுக்கிறேன். ஒருத்தர்கூட என்னை 'சாப்பிட்டியா'ன்னு கேட்டதில்ல. பொய் சொல்லக்கூடாதேன்னு, நீங்க கேக்குறதுக்குள்ள ஓடிப்போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடுவேன்."

வேறு நாளாயிருந்தால் அந்த வார்த்தையில் அவள் உருகியிருப்பாள். அன்று அவமானம்தான் முன்னால் நின்றது. அம்மாவைப் பற்றிச் சொன்னது, அழுதது, அந்தக் கண்களைப் பற்றி… கடவுளே, அந்தக் கண்களைப் பற்றி!

"ஒட்டுக் கேட்டதுக்குப் பேரு கரிசனமா?" என்று பலகையில் கரண்டியால் ஒரு போடு போட்டாள். "யாரு கதவைத் தட்டுறது?" என்று நாலு வீட்டிலிருந்து குரல் வந்தது.

அப்பாவுக்கு எழுதிக் காட்டியும் கையாட்டியும் விஷயத்தைப் புரியவைக்கவே வெகுநேரம் ஆயிற்று. புரிந்ததும் அவர் முகம் சின்னதாகிவிட்டது.

"அப்ப என்கூட நீ பேசவே இல்லயா? அவன்கூடவா பேசின?"

"உன்கூடன்னு நினைச்சுத்தான்ப்பா…"

"அதெப்படி? பலகையில சாஞ்சிருந்தா முதுகுல 'ம்'முன்னு அதிரும். நான்தான் சொல்றேன்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்!" நாற்காலியை இழுத்து நடுவில் போட்டார். "என் பங்குப் பேச்செல்லாம் எவனோ ஒருத்தன் தின்னுட்டான். நாளைக்கே மிஷின் வாங்கு. இனிமே இந்த வீட்டுப் பேச்சு ஒரு சொட்டு அந்தப் பக்கம் சிந்தக்கூடாது!"

மகள் வருஷக்கணக்காகக் கெஞ்சியும் மசியாத மனிதர், பொறாமையில் ஒரே நாளில் மசிந்தார்.

*

வீட்டில் பேச்சு தாழ்ந்தது. தையல் அப்பாவின் பக்கத்தில் வந்து நின்று, குனிந்து, "சாப்பிட்டியா?" என்று கிசுகிசுப்பாள். அவர் காது மிஷினைத் தடவிக்கொண்டே, "ஏன் கத்துற?" என்பார்.

பலகைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவள்தான் ஜெயித்துவிட்டாளே… அப்புறம் ஏன் பாத்திரம் கழுவுகிறபோது பாதிக் கதையில் நிறுத்தி, ஏதோ ஒன்றுக்காகக் காத்திருக்கிறாள்? ஊசியில் நூல் கோக்க ஏன் அத்தனை நேரம்? ஒரு துறைத்தலைவரின் அங்கிக்கு மூன்று கை வைத்துவிட்டாள். அவரும் ஆராய்ச்சியாளர் அல்லவா, எதற்கும் இருக்கட்டுமென்று வாங்கிக்கொண்டு போனார்.

மணிக்கார அப்பாவுக்குப் புதுக் காது. உலகம் அவருக்குத் திருவிழாக் கடையாகிவிட்டது. எறும்பு நடப்பது கேட்கிறது என்றார். பல்லி யோசிப்பது கேட்கிறது என்றார். ஒரு காலையில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர், "யாரும்மா அந்தப் பக்கம்? விடிஞ்சதிலேர்ந்து இருமல்" என்றார்.

"யாரோ."

"யாரோன்னா? உன் 'ம்'முதானே?"

"என் 'ம்'மு ஒண்ணும் இல்ல!"

அவர் எழுந்து, நடுவில் கிடந்த நாற்காலியைத் தானே பலகையோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பலகையை விரலால் தட்டினார்.

"தம்பி! சாப்பிட்டியா?"

நைந்துபோன ஒரு "ம்" வந்தது.

பலகை வழியாக மணிக்காரர் தன் காதால் கேட்ட முதல் "ம்" அது. மகளைத் திரும்பிப் பார்த்தார். "பொய் சொல்றான்மா. எனக்குப் புதுக் காது, ஏமாத்த முடியாது. நீ கேக்குறத நிறுத்தினதும் இவன் சாப்பிடுறத நிறுத்திட்டான். போ. சூடா ஏதாவது எடுத்துக்கிட்டுப் போ."

"நான் எதுக்குப் போகணும்?"

"அப்ப நான் போறேன். போய், என் பொண்ணு ஊசியில நூல் கோக்க முடியாம கிடக்கறான்னு சொல்லிட்டு வரேன்."

தூக்குப் பாத்திரத்தோடு அவள் பேட்டையைச் சுற்றிக்கொண்டு போனாள். பலகையை எடுத்தால் ஓர் எட்டு, சுற்றிப் போனால் ஊர்வலம். வழியில் எதிர்ப்பட்ட அத்தனை முதுகுகளும், "யாருக்கும்மா உடம்பு சரியில்ல?" என்று கேட்டன. தீப்பெட்டி அக்கா கதவைத் திறந்து விஷமமாகச் சிரித்தாள். "வா தையல். இவ்வளவு நாளா குரலை மட்டும் அனுப்பின, இன்னிக்கு ஆளே வந்தாச்சா?"

அறை அவ்வளவு சிறியது, உள்ளே காய்ச்சல் வந்ததும் ஆளுக்கு இடமில்லாமல் அவன் சுவரோடு சுருண்டிருந்தான். ஜன்னலோரம் தொட்டிகளில் மண். பலகையை ஒட்டியே தலையணை. அந்தத் தலையணைக்கு நேராக, அந்தப் பக்கம், தன் சமையலறையின் சத்தமெல்லாம் வந்து விழுவது அவளுக்குக் கேட்டது. அப்பா ஏதோ முனகுவதுகூட. அவள் சொன்ன கதைகளெல்லாம் இங்கேதான் வந்து, இந்த மனிதனின் காதோரம் படுத்துத் தூங்கியிருக்கின்றன…

"சாப்பிடுங்க" என்றாள், சுவரைப் பார்த்து.

"'ங்க' போட்டாச்சா?"

"பின்ன?"

"பலகை வழியா வர்றப்போ 'சாப்பிட்டியா'ன்னு வரும். அதுலதான் பசி எடுக்கும்."

"அது எங்க அப்பாவுக்கு. உங்களுக்கு இல்ல. நீங்க திருடிக்கிட்டீங்க."

அவன் மெல்ல எழுந்து உட்கார்ந்து சாப்பிட்டான். ஒவ்வொரு வாயையும் பரீட்சை எழுதுவது போல முழு கவனத்தோடு.

"ஆராய்ச்சி முடிஞ்சுது. விழாவுல பட்டம் வாங்கின கையோட கிளம்புறேன். தூரத்துல ஒரு பெரிய வேலை குடுத்திருக்காங்க. ரொம்ப அகலமான ஊராம். பக்கத்து வீடே கண்ணுக்குத் தெரியாதாம்."

"நல்லதுதானே."

"இங்கயும் செடிக்கூடத்துல ஒரு சின்ன வேலை இருக்கு. யாராவது… இருன்னு ஒரு வார்த்தை சொன்னா…"

அந்தக் கன்றுக்குட்டிக் கண்கள் நிமிர்ந்தன. அவள் நெஞ்சுக்குள் ஒரு தையல் பட்டென்று விட்டது. சொல்லிவிடு, சொல்லிவிடு என்றது உள்ளே ஒன்று. இத்தனை நாள் உன் பேச்சை வாய்மூடிக் கேட்டவன், நீ வாய் திறக்கக் கெஞ்சுகிறான்… உடனே நீ இளகிவிடுவாயா என்றது இன்னொன்று. அந்த இன்னொன்றுக்குத்தான் எப்போதும் குரல் பெரிது.

காலிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டாள். "நல்லபடியா போயிட்டு வாங்க" என்றாள்.

'வாங்க' என்பதை அவன் பிடித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் 'போயிட்டு' என்பதைத்தான் பிடித்துக்கொண்டான்.

*

விழா நாளில் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

பேட்டை முழுக்கக் கறுப்பு அங்கி. மேலிருந்து பார்த்த காக்கைகள் உறவினர் வந்துவிட்டதாக நினைத்துக் கூடச் சேர்ந்து கத்தின. வளாகத்து முன்வாசலில் தண்ணீர் கட்டிக்கொண்டதால், பட்டம் வாங்குகிறவர்கள், கொடுக்கிறவர்கள், கைதட்ட வந்தவர்கள் எல்லாரும் மூச்சுமுடுக்கு வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். "முதுகு! முதுகு!" என்று இடைவிடாத ஒலி.

தையலின் கையில் ஒரே ஓர் அங்கி இருந்தது. பெயர் எழுதாத அங்கி. அளவு கொடுக்க அவன் வரவில்லை, வளாகத்தில் பொது அங்கி ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டான் என்று தீப்பெட்டி அக்கா சொன்னாள். பெட்டி கட்டியாயிற்று, விழா முடிந்ததும் வண்டி வருகிறது என்றும் சொன்னாள். தையல் கேட்காததையெல்லாம் சொல்வதுதான் அக்காவின் சிறப்பு. அளவெடுக்காமலே அவனுக்காகத் தைத்தது அது. முதுகோடு முதுகு ஒரே ஒரு தடவை உரசியிருக்கிறது. தையல்காரிக்கு அது போதாதா?

'குடுத்துட்டு வந்துடலாம். அங்கியை மட்டும். வேற ஒண்ணும் பேசக்கூடாது' என்று தனக்குத்தானே சத்தியம் செய்துகொண்டு முடுக்கின் நடுவுக்கு வந்தாள்.

எதிரே, வளாகத்தில் அங்கி வாங்கிக்கொண்டு திரும்பிய அவன்.

இரவல் அங்கி அவன்மேல் கூடாரம் போலத் தொங்கியது. இமைகளில் அதே மழை. அவளைக் கண்டதும் ஒரு கணம் நின்றான்… பிறகு, இப்போது பேட்டையின் பாடம் தெரிந்தவனாக, "முதுகு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். மூச்சை உள்ளே இழுத்தான். அவள் கடந்து போக வழி விட்டான்.

சரியாகத்தான் செய்தான். ஒரு குற்றம் சொல்ல முடியாது. அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவளுக்குப் புரிந்தது… இனி எப்போதும் இது முதுகுதான். இந்த ஒரு மூச்சு முடிந்தால், பலகைக்கு அந்தப் பக்கம் உடைந்த கட்டில்கள் திரும்பி வந்துவிடும்.

அவள் பின்னால் கூட்டம் சேர்ந்துவிட்டது. அவனுக்குப் பின்னாலும்.

"தையல், போம்மா!" "என்ன அங்க?" "விழாவுக்கு நேரமாச்சு!"

தையல் மூச்சை இழுத்தாள். பேட்டை உண்டான நாளிலிருந்து யாரும் அந்த முடுக்கில் சொல்லாத வார்த்தையைச் சொன்னாள்.

"முகம்!"

மேலே ஜன்னல்கள் திறந்தன.

அவன் திரும்பவில்லை. காதில் விழுந்ததை நம்பவில்லை.

"உன்னைத்தான். முகத்தைக் காட்டு."

'உன்னை'. அந்த ஒரு சொல்லுக்கு அவன் திரும்பினான். இரண்டு மூக்குக்கும் நடுவில் ஒரு மழைத்துளிக்குத்தான் இடம் இருந்தது.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள். குரல் உடைந்தது. சமையலறையில் நின்று கேட்டுக் கேட்டு ஒரு காலத்தில் உடைந்ததே, அதே இடத்தில்.

அவன் உதடு குவிந்தது.

"'ம்'முன்னு சொன்னா கொன்னுடுவேன். அது என்ன எழுத்து, உயிரே இல்லாத எழுத்து! வாயைத் திறந்து முழுசா சொல்லு."

"சாப்பிடல" என்றான். "நீ கேக்காம சாப்பாடு இறங்கல. நீ பேசாத வீட்டுப் பக்கம் தலை வெச்சுப் படுத்தா தூக்கம் வரல. உன்னைப் பார்க்குறதுக்கு முன்னாடியே உன் குரலைக் காதலிச்சேன். அன்னிக்கு மழையில நீ திட்டினப்போ… குரலுக்கு முகம் கிடைச்சுதேன்னுதான் சிரிச்சேன். திருடினது நிஜம். திருப்பிக் குடுக்க எனக்கு மனசு இல்ல."

இருபுறமும் கூட்டம் தள்ளுவதை நிறுத்தியது. மழைகூடக் கொஞ்சம் தூறலாகி ஒட்டுக்கேட்டது.

"அந்த அகலமான ஊருக்குப் போய் யார்கிட்ட 'ம்'மு கொட்டப் போற?" என்றாள், கையிலிருந்த அங்கியை அவன் தோளில் போர்த்தி, கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டே. தோள் கச்சிதம். கை கச்சிதம். "இங்கயே இரு. அந்தப் பலகையை எடுத்துடச் சொல்றேன் அப்பாகிட்ட. என்னைக் கட்டிக்கிறியா?"

அவன் வாயைத் திறந்தான். முழுசாகச் சொல்லத்தான் திறந்தான். அதற்குள்…

"ம்!"

மேல் ஜன்னலிலிருந்து வந்தது. எதிர் ஜன்னலிலிருந்து வந்தது. அவள் பின்னாலிருந்த மருந்துக்கடைக்காரர் சொன்னார். தீப்பெட்டி அக்கா ஒரு வாடகைதாரர் போகிற வருத்தத்தையும் மறந்து சொன்னாள். மூன்று கை அங்கியில் துறைத்தலைவர் சொன்னார். கூட்டத்தின் கடைசியில் குடைக்குள் ஒடுங்கி நின்ற துணைவேந்தர், என்ன விஷயமென்றே தெரியாமல், எல்லாரும் சொல்கிறார்களே என்று சொன்னார். பேட்டை முழுவதும் ஒரே "ம்"மாக அதிர்ந்ததில் மணிக்கூண்டு மணி தானாக ஒருமுறை அடித்தது.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குரல் கேட்டது. முடுக்கைப் பார்த்த வீட்டு ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு, காது மிஷினை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அப்பா கத்தினார்.

"மாப்பிள்ளை! மேடையிலேர்ந்து நேரா வீட்டுக்கு வாங்க! சுத்திக்கிட்டு வர வேணாம், பலகையை நானே கழட்டிடறேன்!"

அவன் அவளைப் பார்த்து, "நான் இன்னும் பதில் சொல்லலயே" என்றான்.

"உனக்குப் பதிலா ஊர் சொல்லிடுச்சு. இப்ப தெரியுதா, நம்ம பதிலை வேற ஒருத்தர் சொன்னா எப்படி இருக்கும்னு?" என்று சிரித்தாள். பிறகு, முதுகைத் திருப்பாமல், முகத்துக்கு முகம், மூச்சைக்கூட உள்ளே இழுக்காமல், மெதுவாக… மிக மெதுவாக… இருவரும் அந்த முடுக்கில் ஒருவரையொருவர் கடந்தார்கள்.

பட்டமளிப்பு விழா அன்று தாமதமாகத்தான் தொடங்கியது. மழை காரணம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பேட்டையில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை.